பால் பூசிய விரல்கள்

கொழும்பிலிருந்து திரும்பிய அனோஜா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்கூடக் கழுவாமல் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். றொட்டியும் சம்பலும் எடுத்து வைத்திருந்த ரோசம்மா தட்டை ஏந்தியபடியே நின்றாள். மகளின் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிட்டது. மீதியைக் கேட்க வாய் வரவில்லை. அப்பா தோமஸ்தான் கேட்டான்.

"என்னா புள்ள, விசா குடுக்க மாட்டேன்னுட்டானுங்களா?"

"இன்னும் அதுக்கே போகலப்பா. கை சரியில்லையாம்."

"கையா? கைக்கு என்னா?"

"ஒரு கண்ணாடி மேல விரல வைக்கச் சொன்னாங்க. உள்ளுக்கு வெளிச்சம் வருது. விரல்ல இருக்கிற கோட்ட அது படம் பிடிக்கும். எனக்கு ரெண்டு விரலத் தவிரக் கோடு விழலையாம். ஒவ்வொரு விரலா மாத்தி மாத்தி வச்சுப் பாத்தாங்க. தோலு உரிஞ்சு வெடிச்சுக் கெடக்கு, மூணு கெழமை கழிச்சு கை ஆறினாப் பெறகு வான்னு அனுப்பிட்டாங்க."

"படிக்கப் போற புள்ளைக்கு மூளைய இல்ல பாக்கணும்? கையப் பாக்குறானுங்க!"

"நாந்தான் அனோஜான்னு தெரியணுமாம். என் கோடு வேற ஒருத்தருக்கும் இருக்காதாம்."

தோமஸ் தன் கையை விரித்துப் பார்த்தான். அப்புறம் பீடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

தெரணியகலைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து கடல் தாண்டிப் படிக்கப் போகும் முதல் பிள்ளை அனோஜா. உயர்தரம் முடித்துவிட்டு இரத்தினபுரியில் சிஸ்டர்மார் நடத்தும் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் உதவிக்குப் போயிருந்தாள். அங்கேதான் கையால் பேசப் பழகினாள். அவள் பழகிய வேகத்தைப் பார்த்த சிஸ்டர்மார், அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பயிற்சிக்காக இங்கிலாந்தில் ஒரு கல்லூரிக்கு எழுதி, இடமும் வாங்கி, செலவையும் தங்கள் சபையே ஏற்கும்படி செய்துவிட்டார்கள். விசா ஒன்றுதான் மிச்சம். கல்லூரிக் கடிதம் வரும்வரை வீட்டில் இரு என்று அவளை அனுப்பினார்கள். வீட்டில் சும்மா இருக்கத் தெரிந்த பிள்ளையா அது? தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் அன்றன்றைக்குக் கூலி வாங்கும் கைக்காசு வேலைக்கு இறங்கிவிட்டாள். மலையிலிருந்து வரும் ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றி, அசிட் கலந்து, தயிர்போல உறைந்ததும் அள்ளி, நசுக்கும் ரோதை உருளையில் கொடுத்துத் தகடாக்கும் வேலை. இரண்டு மாதம். அசிட் விரல் நுனிகளை அரித்துவிட்டது.

ரோசம்மா அன்றைக்குத்தான் மகளின் கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெற்ற அன்று பஞ்சுபோல மூடியிருந்த கை. தன்னுடைய கையைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததில்லை. சம்பளத் தாளில் பெருவிரலை அழுத்தினால் ஒரு நீல மொத்தைதான் விழும். "ரோசம்மா, ஒன் விரலும் ஒன்னுதான், கத்தரிக்காயும் ஒன்னுதான்" என்று கிளாக்கர் ஐயா சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். விரலில் கோடு இல்லாமல் போவது ஒரு குறை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து அனோஜாவின் கைக்கு வேலை இல்லை என்று வீட்டில் சட்டம் வந்தது. துணி துவைக்கக் கூடாது. தேங்காய் துருவக் கூடாது. விறகு தொடக் கூடாது. மிளகாய் அரைப்பதைப் பற்றிப் பேசவே கூடாது. ரோசம்மா விடியும் முன்பே ரப்பர் பால் வெட்ட மலைக்குப் போய்விடுவதால் அடுப்பு தோமஸ் தலையில் விழுந்தது. ஸ்டோரில் ரப்பர் தகடு காயவைக்கும் புகை வீட்டுக்கு நெருப்புப் போடுகிறவன். இரும்புக் கம்பியால் கனல் கிண்டத் தெரிந்தவனுக்குத் துருவுபலகையில் குந்தியிருக்கத் தெரியவில்லை. தேங்காய்ப் பூ பாதி தட்டில், பாதி மீசையில்.

அடுத்த காம்பரா வீட்டு இராஜகுமாரிக்கு அது நல்ல வேடிக்கை.

"எல்லாரும் இங்க வாங்களேன், தோமஸ் அண்ணன் சமைக்கிறாரு! அண்ணே, சம்பல்ல உப்புப் போட்டீங்களா, இல்ல அசிட் ஊத்திட்டீங்களா?"

"ஒன் புருசனையும் அனுப்பு. பழக்கிவிடுறேன்."

"அவருக்குத் திங்க மட்டுந்தாண்ணே வரும்." குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வாள், ஆனால் கேட்கும்படிதான். "நாங்களும் பொம்பளப் புள்ள பெத்தோம். கையக் கண்ணாடிப் பெட்டியில வைக்கவா பெத்தோம்?"

அனோஜாவுக்கு அது சுருக்கென்றது. பழகிய உடம்பு விடியும் முன்பே விழித்துக்கொள்ளும். அம்மா தலையில் துணியைக் கட்டி, வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். ரோசம்மா திரும்பிப் பார்க்காவிட்டாலும் முதுகில் அந்தப் பார்வை தெரியும். பின்னேரம் வந்து வாசல் கல்லில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்ப்பாள். அது மட்டும்தான் அந்த நாளில் அவளுக்குப் பிடித்த வேலை.

"சும்மா இருக்கிற கை பாரமா இருக்கும்மா."

"கொஞ்ச நாளைக்கு. பொறுத்துக்க."

"நீங்க ஒரு ஆளா ரெண்டு வரிசையும் வெட்டிட்டு வர்றீங்க. நான் இங்க மகாராணி மாதிரி குந்திக்கிட்டு..."

"நீ போனாப் பெறகும் நாந்தானே வெட்டணும்? இப்பவே பழகுறேன்னு வச்சுக்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு எறும்பு மிதந்தது. அனோஜா அதைத் தூக்கிவிடப் போனாள். ரோசம்மா கிண்ணத்தை நகர்த்திக்கொண்டாள்.

ஒருமுறை பள்ளிக்கூடத் திருநாளுக்காக ரோசம்மா இரத்தினபுரிக்குப் போயிருந்தாள். முற்றத்தில் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டிருந்தது. சத்தமே வராத அழுகை. அனோஜா அதன் முன்னால் மண்டியிட்டுக் கைகளை அசைத்தாள். விரல்கள் விரிந்தன, மடங்கின, நெஞ்சைத் தொட்டுப் பறந்தன. குழந்தை கண்ணீரோடு சிரித்தது. பதிலுக்குத் தன் குட்டிக் கையால் ஏதோ சொன்னது. அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட ரோசம்மாவுக்கு விளங்கவில்லை. தன் வயிற்றில் பிறந்த பிள்ளையிடம் தனக்குத் தெரியாத ஒரு வீடு இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. பெருமையாக இருந்தது. பெருமைக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அதை அவள் கிளறிப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் மாதம். சாயங்காலமானால் லயத்தில் நாலு வீட்டுச் சனம் கூடி செபமாலை சொல்லும். மணிகளை உருட்டும்போதும் ரோசம்மாவின் கண் மகளின் விரல்களிலேயே இருக்கும். தோல் ஆறிக்கொண்டு வந்தது. வெடிப்புகள் மூடின. மூன்றாம் கிழமை, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நீரில் காற்றடித்த மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தன.

"மாதாவே, விழுந்துருச்சு கோடு!" என்றாள் ரோசம்மா.

கொழும்புக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போதுதான் அந்த மழை வந்தது.

அந்த மாதத்து மழை பகல் சாப்பாட்டுக்கு அப்புறந்தான் வரும். அன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டது. வெட்டு முடிந்து, மரத்துக்கு மரம் கட்டியிருந்த சிரட்டையில் பால் நிறைந்துகொண்டிருந்த நேரம். கீழ் மலையில் முதலில் இலைச் சத்தம் கேட்டது. யாரோ அரிசி கொட்டுவதுபோல. சிரட்டையில் மழை விழுந்தால் பால் தண்ணீராகிவிடும். தண்ணீர்ப் பாலை ஸ்டோரில் எடுக்க மாட்டார்கள். விடியலிலிருந்து குனிந்து நிமிர்ந்ததெல்லாம் வேருக்குப் போகும், முழுப்பேர் அரைப்பேராகி அன்றைய கூலி பாதியாகும். மழைச் சத்தம் கேட்டால் மலையில் எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டாளைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுக்கொண்டே ஓடுவார்கள். கந்தையா கங்காணி மேட்டில் நின்று, "ஓடுங்க, ஓடுங்க, பால எடுங்க!" என்று கத்தினார். இராஜகுமாரி தன் புருசனை வசவோடு சேர்த்துக் கூப்பிட்டாள்.

"அனோஜா!" என்று கூப்பிட்டாள் ரோசம்மா. "அனோஜா! வாளியக் கொண்டா!"

எத்தனையோ வருசம் கூப்பிட்ட வாய். லயம் அந்தச் சரிவுக்கு மேலேதான். பிள்ளை கொடியில் காய்ந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, வெறுங்காலோடு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. அவள் பக்கத்து வரிசையில் சிரட்டைகளைக் கவிழ்த்துக் கவிழ்த்து ஓடுவதைப் பார்த்த பிறகுதான் தான் கூப்பிட்டது ரோசம்மாவுக்கு உறைத்தது.

"வேணாம் புள்ள, போ! கை!"

"விடுங்கம்மா, இன்னும் கொஞ்சந்தான்!"

அவள் முகத்தில் மழையும் சிரிப்பும். மூன்று கிழமையாக அந்த முகத்தில் இல்லாத சிரிப்பு. இருவருமாக மழைக்கு முன்னால் ஓடினார்கள். வாளி நிறைந்தது. கடைசி மரத்தடியில் அனோஜா கையை உதறினாள். பால் வடிய மரத்தில் அடித்திருந்த தகரப் பீலி அவளுடைய வலது சுட்டுவிரல் நுனியைக் கீறியிருந்தது. மற்ற விரல்களிலும் ஆறிய தோல் ஈரத்தில் ஊறி மறுபடி வெளுத்திருந்தது.

ரோசம்மா செய்ததை அந்த மலையில் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். கத்தி பட்டாலும், முள் குத்தினாலும், அட்டை கடித்த இடம் நிற்காமல் கசிந்தாலும் ஒரு சொட்டுப் பால்தான் மருந்து. தடவினால் காய்ந்து தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் போகாது, அழுக்குப் போகாது, உள்ளே காயம் தன்பாட்டில் ஆறும். அவள் வாளியில் விரலைத் தொட்டு மகளின் காயத்தில் பூசினாள். அப்புறம் மற்ற விரல்களுக்கும் ஒரு பூச்சு. பெருவிரலுக்கும். மறுநாள் பின்னேரம் இன்னொரு பூச்சு. காய்ந்ததும் தடவிப் பார்த்தாள். வெடிப்பு, கீறல் ஒன்றும் தட்டுப்படவில்லை. வழுவழுவென்று இருந்தது.

"பாத்தியா, புதுசா மொளச்ச மாதிரி."

"இது கண்ணாடியில தெரியாதாம்மா?"

"கண்ணுக்கே தெரியல. கண்ணாடிக்கு எங்க தெரியப்போவுது?"

அனோஜாவும் சிரித்தாள். அவளும் அந்த மலையில் வளர்ந்த பிள்ளைதானே.

போன தடவை கூடப் போன சிஸ்டருக்கு இந்த முறை வர முடியாததால் ரோசம்மாவே கூடப் போனாள். தலைக்கு நிறைய எண்ணெய் வைத்து இறுக்கமாகக் கொண்டை போட்டு, பெருநாளுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டாள். அவிசாவளை தாண்டி ஒரு காவலரணில் எல்லோரையும் இறக்கினார்கள். வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் வரிசை அவர்களிடம் வந்து நின்றுவிட்டது. கொழும்பில் என்ன வேலை என்று ஒரு பொடியன் சிப்பாய் கேட்டான். ரோசம்மா நல்ல சிங்களத்தில், மஹத்தயா, மகள் படிக்கப் போகிறாள், விசாவுக்குப் போகிறோம் என்றாள். அவன் அனோஜாவை ஏற இறங்கப் பார்த்தான். தனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள், அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லி அட்டைகளைக் கொடுத்தான்.

விசா நிலையத்துக்குள் விண்ணப்பித்தவர்களை மட்டும்தான் விட்டார்கள். ரோசம்மா தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மதிலோரம் நின்றாள். வெயில் தார் ரோட்டில் நெளிந்தது. செபமாலையை எடுத்து உருட்டினாள். ஒரு சுற்று முடிவதற்குள் அனோஜா வெளியே வந்துவிட்டாள். ஓட்டமும் நடையுமாக ரோட்டைத் தாண்டினாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னா புள்ள? முடிஞ்சிருச்சா?"

"ஒன்னுமே விழலம்மா. ஒரு கோடுகூட இல்ல. போன தடவையாவது ரெண்டு விரலு விழுந்துச்சு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அந்த ஆள் என் விரலத் தொட்டுப் பாத்துட்டு, என்னமோ பூசியிருக்க, யாருன்னு தெரியாம இருக்கத்தான் இப்படிச் செய்றாங்கன்னு சொல்றாரும்மா. வேற பேர்ல முந்தியே வந்து, விசா இல்லன்னு திருப்பி அனுப்பின ஆளுங்க பசை பூசிக்கிட்டு வருவாங்களாம். நான் ரப்பர் பாலுன்னு சொன்னேன். அவருக்கு அது என்னான்னே விளங்கல."

"கழுவ வேண்டியதுதானே?"

"சவுக்காரம் போட்டுப் பாத்தேன், போகல. நகத்தால உரிச்சா காயம் பிஞ்சுகிட்டு வருது. இன்னும் அரை மணி நேரத்துல சுத்தமாக் கொண்டுவரணும், இல்லாட்டி ஏமாத்த வந்தேன்னு எழுதிடுவாராம். அப்படி எழுதிட்டா அதுக்கப்புறம் எப்பவுமே முடியாதும்மா. எப்பவுமே."

அவள் அழத் தொடங்கினாள்.

அந்த அழுகைக்கும் ரோசம்மா கையை நீட்டியதற்கும் இடையில் ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பாரம் இறக்கி உட்கார்ந்தது. போக மாட்டாள். நாளைக்குப் பின்னேரம் வாசல் கல்லில் இவள் இருப்பாள். மழை வந்தால் கூப்பிட ஆள் இருக்கும். வெயிலில் நின்றவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியின் பெயர் என்ன என்று தெரிந்தபோதுதான் பயம் வந்தது. பிள்ளை விம்மிக்கொண்டு நிற்கிறது, பெற்றவளுக்கு உள்ளே நிம்மதி. அன்றைக்கு மழையில் கூப்பிட்டது வாய்ப் பழக்கமா, இல்லை இந்த நிம்மதிதானா? மற்ற விரல்களுக்கும் பால் பூசச் சொன்னது யார்?

அதற்கு விடை தேட நேரமில்லை. ரோசம்மா இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையை அவிழ்த்தாள். ஊசிகள் ரோட்டில் விழுந்தன. எண்ணெயில் ஊறிய முடி தோளில் சரிந்தது.

"கையக் குடு."

"என்னம்மா செய்றீங்க, ஆளுங்க பாக்குறாங்க!"

"பாக்கட்டும். எண்ணெ பட்டாத்தான் பாலு விடும். குடு கைய!"

மகளின் விரல்களை முடிக்குள் விட்டு, கற்றையோடு சேர்த்துப் பிடித்துத் தேய்த்தாள். ஒவ்வொரு விரலாக. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். காவல்காரன் வாசலைவிட்டு இரண்டடி முன்னே வந்தான். படலம் முதலில் வழுக்கியது, பிறகு ஓரம் தூக்கியது. நூல் நூலாகச் சுருண்டு முடியில் ஒட்டிக்கொண்டது. சுட்டுவிரலை மட்டும் அவள் மெதுவாகத் தேய்த்தாள். அனோஜா பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் படலம் கிழியாமல் முழுசாகக் கழன்று வந்தது. உள்பக்கம் முழுக்கக் கோடு. மகளின் விரல் அப்படியே அதில் படிந்திருந்தது.

ரோசம்மா சேலைத் தலைப்பால் பத்து விரலையும் எண்ணெய் போகத் துடைத்தாள். காயத்தில் ஒரு பொட்டு இரத்தம் வந்தது. அதை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, "ஓடு" என்றாள்.

"அம்மா, மறுபடியும் விழலன்னா..."

"விழும். ஓடு புள்ள!"

திரும்பி வரும்வரை அவள் முடியை முடியவில்லை. அந்தப் படலத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, விழ வேண்டும், விழ வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாதாவிடம் சொன்னாளோ, தனக்குள் உட்கார்ந்திருந்ததிடம் சொன்னாளோ.

அனோஜா மெல்ல நடந்துதான் வந்தாள்.

"எடுத்துட்டாங்கம்மா. எல்லா விரலும். காயத்துக்கு ஒரு குறிப்புப் போட்டாரு." குனிந்து ரோட்டில் கிடந்த ஊசிகளைப் பொறுக்கினாள். "கடைசியில, அந்தப் பாலு எந்த மரத்துல வருதுன்னு கேட்டாரு."

பஸ்ஸில் அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ரப்பர் நாறும் அந்த எண்ணெய் முடி அவள் கன்னத்தில் கிடந்தது. ரோசம்மா அவிசாவளை வரும்வரை அசையவில்லை. மதிலோரத்தில் தனக்குள் வந்துபோன குளிர்ச்சியைப் பற்றி அவள் தோமஸிடம் சொல்லவில்லை, கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. எந்தப் பாவத்தில் அதைச் சேர்ப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

விசா வந்தது. நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு அனோஜா இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்து, செம்பாகத் துளிர்த்து, பச்சைக்கு வந்தன. சித்திரை மழை தொடங்கியது.

ஒரு நாள் காலை, சிரட்டையில் பால் நிறையும் நேரத்தில், கீழ் மலையில் இலைச் சத்தம் கேட்டது. கந்தையா கங்காணி கத்தினார். மலையெங்கும் பெயர்கள் எழுந்தன. ரோசம்மா வாயை இறுக மூடிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். ஓட வேண்டும். கால் எழவில்லை. மழை ஒரு வரிசை தாண்டி அடுத்த வரிசைக்கு வந்துவிட்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அனோஜா!" என்று கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். "அனோஜா!"

பக்கத்து மலையிலிருந்து இராஜகுமாரியின் குரல் வந்தது. "அக்கா, அவளுக்குக் கேக்காதுக்கா!"

"தெரியும்டி!" என்றாள் ரோசம்மா. கால்கள் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தன.